கரைக்குக் கொடுப்பது தானமா, கடனா?



சென்ற வாரம் கரையோரப் பங்கு ஒன்றின் இளைஞர் மன்றத்தினரிடமிருந்து எமது காரியாலயத்துக்கு ஓர் அறிவித்தல் வந்தது. எதிர்வரும் திருவிழாவை முன்னிட்டுக் களப்புக் கரையிலே ஆயிரம் கண்டற் கன்றுகளை நாட்டப்போவதாகவும், அந்தச் செய்தியை ‘இயற்கை அன்னைக்கு எமது அன்பளிப்பு’ என்ற தலைப்பிட்டு முன்பக்கத்திலே பிரசுரிக்க வேண்டுமென்றும் கேட்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். அழகான கையெழுத்து வேறு. ஆயினும் அந்தத் தாள் இன்னமும் என் மேசைமீதே கிடக்கின்றது. ‘அன்பளிப்பு’ என்ற அந்த ஒரு சொல்லிலே மனம் தட்டுப்பட்டு நிற்கின்றது.

காரணத்தைச் சொல்வதற்கு என் சொந்தக் கதையைச் சிறிது சொல்லவேண்டும்.

2004 மார்கழி 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலையின் பின்னர், கண்டற்காடு இருந்த கரைகள் சில தப்பிக்கொண்டன என்ற பேச்சு எங்கும் பரவியது. உடனே நாடெங்கும் கண்டல் நாட்டும் முயற்சிகள் தொடங்கின. அப்பொழுது நான் குருமட மாணவன். விடுமுறையிலே ஒரு களப்போரக் கிராமத்துக்கு எங்களையும் அழைத்துப் போனார்கள். நீரும் சேறுமாய்ப் பரந்து கிடந்த வெளியிலே, முழங்கால் புதைய நின்று, நீண்ட கண்டற் காய்களை ஒரு முழத்துக்கு ஒன்றாய் நூல் பிடித்து ஊன்றினோம். பாடல் பாடினோம். படம் எடுத்தோம். பக்கத்து வரம்பிலே ஒரு வயோதிபத் தொழிலாளி வலையைத் தோளிலே போட்டபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன அப்பு, பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?” என்றேன்.

“இதில ஒரு நாளும் கண்டல் நிண்டதில்லை, பிரதர். இது உள்ளானும் கொக்கும் மேயிற வெளி. கண்டல் நிண்டது அங்காலை. அதுக்கு வாற வாய்க்காலை றோட்டுப் போட்டு மூடிப்போட்டாங்கள்” என்றார்.

நான் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஏழெட்டு மாதங்களின் பின் அவ்வழியாற் போனபோது, சிறு சிப்பிகள் மொய்த்துக் காய்ந்த குச்சிகள் மாத்திரம் வரிசை பிசகாமல் நின்றன.

இது என் தனிப்பட்ட மடைமை என்றே பல வருடங்கள் எண்ணியிருந்தேன். 2017இல், ருகுணுப் பல்கலைக்கழகத்தையும் பெல்ஜியத்தையும் சார்ந்த ஆய்வாளர்கள் நம் நாட்டிலே கண்டல் நாட்டப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவைக் கண்டபோதுதான், இது ஊரெல்லாம் நடந்த கதை என்பது விளங்கியது. அந்த 23 இடங்களிலே ஒன்பதில் ஒரு கன்றேனும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்றே இடங்கள்: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. ஏறக்குறைய 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நாட்டப்பட்டதிலே, 200 அல்லது 220 ஹெக்டேயர்தான் காடாகியது. நாட்டியபின் போய்ப் பார்த்துப் பராமரித்த இடங்களிலேயே கன்றுகள் கூடுதலாகப் பிழைத்தன. மற்ற இடங்களிலே நிலத்தின் உயரம் பொருந்தவில்லை, நீர் வந்துபோகும் ஒழுங்கு பொருந்தவில்லை, அல்லது மாடு மேய்ந்துவிட்டது.

பணம் குறைவினால் இது நேரவில்லை. நல்ல மனமும் குறைவில்லை. அப்படியாயின் குறைந்தது எது? கொடுத்தவர் எல்லோரும் தானம் கொடுப்பவராகவே தம்மை எண்ணிக்கொண்டார்கள் என்பதே என் எண்ணம். தானம் கொடுப்பவர் தாம் விரும்பிய பொருளைத் தாம் விரும்பிய நாளிலே கொடுக்கலாம். வாங்குகிறவர் நன்றி சொல்ல வேண்டியவர். கடன்காரனுக்கோ அந்தச் சுதந்திரம் இல்லை. எதை எடுத்தானோ அதையே கொடுக்கவேண்டும், எவருடையதோ அவரிடம் போய் நிற்கவேண்டும், ‘இது சரியா?’ என்று கேட்கவும் வேண்டும்.

குருமடத்திலே ஒழுக்க இயல் படிக்கும்போது, மீளக் கொடுத்தல் பற்றி ஒரு நீண்ட பகுதி வரும். புனித தோமஸ் அக்குவினாஸ் அதனை இரக்கத்தின் கீழ் வைக்காமல் நீதியின் கீழ் வைக்கின்றார். எடுத்த பொருளை அப்படியே கொடுக்க இயலுமாயின் அதையே கொடுக்கவேண்டும். ஒருவனுடைய கையை வெட்டியவன் கையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அப்பொழுதும் ஆனமட்டும் ஈடுசெய்யும் கடமை அவனை விட்டு நீங்குவதில்லை. பரீட்சைக்காக மனனம் செய்த பாடந்தான். அந்தக் காய்ந்த குச்சிகளின் முன் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. பசுவைக் களவெடுத்தவன் பூமாலை கொண்டுபோய்க் கொடுத்த கதையாயிருந்தது எங்கள் வேலை. கண்டலுக்கு உரிய வாய்க்காலை மூடிவிட்டு, உள்ளானுக்கு உரிய வெளியிலே கண்டலை ஊன்றினோம். ஒரு கடனையும் தீர்க்காமல் புதிதாய் இன்னொன்றைத் தேடிக்கொண்டோம்.

இங்கே படித்த வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். ‘சுவாமி, கடன் என்றால் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். உள்ளான் வழக்குப் போடுமா? சேற்றுக்கு உறுதி இருக்கின்றதா?’ என்று. இது விளையாட்டுக் கேள்வியன்று. நீதி என்பது மனிதருக்கு மனிதர் செலுத்தவேண்டியது, விலங்குக்கும் மரத்துக்கும் நாம் நீதியினாற் கட்டுப்பட்டவரல்லர் என்பதே பழைய ஆசிரியர்களின் பொதுவான போதனை. அதை ஒரு வரியிலே தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. ஆயினும் அந்தப் போதனையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், கடன் ஒழிந்துபோவதில்லை. புத்தளம் மாவட்டத்தைப் பாருங்கள். 1980களிலே தொடங்கி, களப்போரக் கண்டலை வெட்டி, வரம்பு கட்டி, இறால் பண்ணைகள் எழுந்தன. சில வருடங்கள் டொலர் கொட்டியது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளை வாரிக்கொண்டு போனது. பெரும் பகுதி கைவிடப்பட்டது. இலாபம் எடுத்தவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். களப்பிலே குஞ்சு வளர்த்த மீன் இல்லாமற் போனது, சிறு வள்ளத்தோடு நின்றவனுக்கு. நல்ல தண்ணீர் உவர்த்தது, கிணற்றை நம்பியிருந்த வீட்டுக்கு. ஆள் இல்லாத கடன் அல்ல அது. வீட்டு இலக்கத்தோடு ஆள் இருக்கின்றார்.

பறவையின் பங்கைப் பற்றி என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், பழைய போதனை அவ்விடத்திலே சிறிது நெருக்கமாயிருக்கின்றது என்றே சொல்வேன். வங்காலைச் சரணாலயத்துக்கு ஒவ்வொரு மாரியிலும் வடதிசையிலிருந்து 20,000க்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் வருகின்றன. 2010இல் அது சர்வதேச முக்கியத்துவமுடைய றம்சார் ஈரநிலமாகப் பதிவானது. இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து, நிலம் முடியும் இடத்திலே இறங்கும் உயிருக்கு அந்தச் சேறு இல்லையென்றால் வேறு சேறு இல்லை. விருந்தாளியின் பாயைச் சுருட்டி எடுத்தவன், ‘உனக்குப் பாய்க்கு உறுதி இருக்கிறதா?’ என்று கேட்டால், எமது ஊரிலே அவனுக்கு என்ன பெயர் சொல்வார்கள்?

கடனைக் கடனாகவே ஏற்றுத் தீர்க்கப் புறப்பட்டால் அது எவ்வளவு சிக்கலான வேலை என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் சொல்கின்றேன். அவ்வளவு தூரம் போவதற்குக் காரணம், அது உப்பளத்தின் கதை. ஆனையிறவையும் புத்தளத்தையும் அறிந்த உங்களுக்கு உப்பளம் என்றால் விளக்கம் வேண்டாம்.

கலிபோர்னியாவிலே சான் பிரான்சிஸ்கோ குடாவின் தென்கரை முழுதும் ஒரு காலத்திலே கடல் ஏறி இறங்கும் புற்சதுப்பு. ஓலோனி எனப்படும் ஆதிக்குடிகள் அங்கே உப்பு எடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் வெள்ளையர் அணை கட்டிக் கடலைத் தடுத்துப் பெரிய உப்பளங்களை அமைத்தனர். நகரங்களும் குப்பைமேடுகளும் மற்றப் பக்கங்களை விழுங்கின. குடாவைச் சூழ்ந்திருந்த சதுப்பிலே ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்தது. 1961இல் மூன்று பெண்கள் கூடி, இனிக் குடாவை நிரப்பவிடோம் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். 2003இல் மாநில அரசும் மத்திய அரசும் தனியார் நிதியங்களும் சேர்ந்து, தெற்கிலே 15,100 ஏக்கர் உப்பளத்தையும் வடக்கிலே ஒரு சிறு துண்டையும் 10 கோடி டொலருக்கு உப்புக் கம்பனியிடமிருந்து வாங்கின. ஐம்பது வருட வேலை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். மூன்று நோக்கங்களையும் எழுதிவைத்தார்கள்: உயிரினங்களுக்கு வாழிடம், ஊருக்கு வெள்ளப் பாதுகாப்பு, பொதுமக்களுக்கு நடைபாதை.

2006 பங்குனியிலே முதலாவது தொகுதிக் குளங்களின் அணையை வெட்டினர். நாற்று நடவில்லை. அலை உள்ளே வந்து போனது; ஒவ்வொரு வருகையிலும் ஒரு மெல்லிய படை வண்டலைப் போட்டுவிட்டுப் போனது; விதையையும் அலையே கொண்டு வந்தது. சில வருடங்களிலே சதுப்புச்செடி தானாகவே படர்ந்தது. வாய்க்காலைத் திறக்கச் சொன்ன எமது அப்புவுக்கு அந்தப் பொறியியலாளர்களைத் தெரியாது. ஆனாலும் அவர்கள் கண்ட முடிவைத்தான் அவரும் சொன்னார்.

ஆயினும் எல்லாம் இப்படி இலகுவாய் நடக்கவில்லை. அந்தப் பகுதியின் மலையிலே பழைய பாதரசச் சுரங்கம் ஒன்று இருந்தது. அதன் நஞ்சு ஆற்றோடு வந்து சேற்றிலே தங்கியிருக்கின்றது. அணையைத் திறந்தால் பாதரசம் மீனுக்கும், மீனைத் தின்னும் பறவைக்கும் போகலாம். ஆகவே ஒரு குளத்தை வெட்டாமல், கதவு வைத்துச் சிறிது சிறிதாகத் திறந்து, மீனிலே நஞ்சு ஏறுகின்றதா என்று அளந்து அளந்து போனார்கள்.

இதிலும் பெரிய முடிச்சு ஒன்று வந்தது. நூற்றைம்பது வருடங்களாக உப்பளம் நின்றதனால், அந்த உப்புத் தரையையே வீடாக்கிக்கொண்ட பறவைகள் இருந்தன. உப்புக்கொத்தி இனத்துச் சிறு பறவை ஒன்று காய்ந்த உப்புப் பாத்தியின் வெறுந்தரையிலே முட்டையிடுகின்றது. அது அழியும் ஆபத்துள்ளதாக 1993இலேயே சட்டத்திலே பட்டியலிடப்பட்டது. எல்லா உப்பளத்தையும் சதுப்பாக்கினால் சதுப்பிலே மறைந்து வாழும் பறவைக்கும், அங்கே மட்டுமே உள்ள ஒரு சின்னஞ்சிறு எலிக்கும் வீடு திரும்பக் கிடைக்கும். உப்புக்கொத்திக்கு வீடு போய்விடும். முதலில் இருந்தவருக்கு உள்ள உரிமையா, பின்னர் வந்து வேறிடமின்றித் தங்கிவிட்டவருக்கு உள்ள உரிமையா? குடியிருப்புக் காணி வழக்குகளிலே நமது நீதிமன்றங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது. அங்கே அவர்கள் ஒரே நாளிலே தீர்ப்புச் சொல்லவில்லை. பாதியளவைச் சதுப்பாக்குவது முதற்படி; பறவைகளை எண்ணிக்கொண்டே போவது; அவை தாங்குமாயின் பத்தில் ஒன்பது பங்கு வரை போவது; தாங்காவிட்டால் அவ்விடத்திலேயே நிறுத்துவது என்று ஒழுங்கு செய்தார்கள். ஓலோனி மக்களிடம் எடுத்ததை இந்த ஏற்பாட்டினால் யாரும் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. கை வெட்டுண்டவன் கதைதான் அது.

செலவுக்கு என்ன செய்தார்கள்? 2016இல் குடாவைச் சூழ்ந்த ஒன்பது மாவட்டத்து வாக்காளரிடமும் கேட்டார்கள்: ஒவ்வொரு காணிக்கும் வருடம் 12 டொலர், இருபது வருடங்களுக்கு வரி தருவீர்களா? நூற்றுக்கு எழுபது பேர் தருவோம் என்றனர். வரி என்றால் முகம் சுளிக்கும் உலகத்திலே இது சின்னக் காரியமன்று. இதிலே நடைபாதைக்கும் பங்குண்டு என்பது என் ஊகம். தாம் ஒருநாளும் கால் வைக்காத கரைக்காக எத்தனை பேர் பணம் தருவார்கள்?

இப்பொழுது நடைபாதையின் விஷயத்துக்கு வருவோம். பறவைக்கென்று மீட்ட இடத்திலே மனிதரை நடக்கவிடலாமா? கொடுத்ததைத் திரும்பப் பறிப்பதாகாதா? மன்னாரிலே முட்டையிடும் உப்புக்கொத்தி தனி இனமென்று 2023இல் நிறுவப்பட்டு, இராமர் பாலத்தை நினைத்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் பெற்றது. அது கூடு கட்டுவதில்லை என்றே சொல்லலாம். வெறுந்தரையிலே ஒரு சிறு பள்ளம். மண் நிறத்து முட்டைகள். பார்த்து நடப்பவன் காலிலும் மிதிபடும். கூட வரும் நாயைச் சொல்லவே வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ குடாவிலே மீட்ட தீவு ஒன்றின் பாதையிலே நாயைக் கொண்டுவரவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். முட்டையிடும் தரையை விலக்கி, அணையின் மேலாகவே பாதையைக் கொண்டுபோய், ஒரு மேடையிலே முடித்துவிடுவதும் உண்டு. பார்ப்பதற்கு வழி உண்டு. போவதற்கு எல்லை உண்டு. பழைய உப்பாலை ஒன்றின் உக்கிப்போன மரத்தூண்களையும் பிடுங்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள், வருகிறவர் இங்கே என்ன நடந்தது என்று கேட்கட்டுமென்று. அந்தத் தூண்கள் எனக்குப் பிடித்த விஷயம். ஈடு செய்கிறவன் குற்றத்தின் அடையாளத்தை அழித்துவிட்டு நல்லவனாய் நிற்பது அவ்வளவு நேர்மையாய்ப் படவில்லை.

ஆனால் நமது கரைகளுக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே பாதை என்பது பட்டணத்தாருக்குப் புதிதாகத் திறக்கப்பட்டது. இங்கே பாதை ஏற்கனவே உண்டு. மட்டி பொறுக்கும் பெண்கள் விடியற்காலையிலே போகும் ஒற்றையடிப் பாதை, தூண்டிற்காரன் பாதை, மாடு போகும் பாதை. போர்க்காலத்திலே எத்தனையோ கரைகளில் அந்தக் காலடிகளும் நின்றுபோயின. 2009இன் பின்னரும் சில இடங்களிலே உடனே திறக்கவில்லை. இப்பொழுது ஈரநிலத்தை மீட்கிறோம் என்று வருகிறவர்கள் மரப்பலகைப் பாலம் அமைத்து, நுழைவுச்சீட்டு அடித்து, பார்வையாளரை உள்ளே விட்டு, மட்டி பொறுக்குகிறவளை வேலிக்கு வெளியே நிறுத்தினால், பறவையின் கடனைத் தீர்க்க ஏழையிடம் கடன் வாங்கியதாகவே முடியும். பொதுப்பாதை என்ற பெயரிலே ‘பொது’ என்பது யார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுபுறமும் உண்டு. ஊரவர் எவரும் நடவாத இடம் இலகுவிலே விலைபோகும். 2016இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்யப்பட்ட விடத்தல்தீவிலே, 168 ஹெக்டேயரை நீரியல் வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி 2024இல் வெளியானது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. கொழும்பிலே வழக்காடுவதற்கு ஆட்கள் இருந்தமை நல்லது. ஆனால் அந்தச் சேற்றுவெளியை மாதம் ஒருமுறையாவது பிள்ளைகளோடு நடந்து பார்த்த குடும்பங்கள் அந்தச் சுற்றுவட்டாரத்திலே எத்தனை? எமது கத்தோலிக்கக் குடும்பங்களிலே எத்தனை? பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறோம். சேற்றுக்கரையை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறோம். நானும் அப்படித்தான் போயிருக்கிறேன்.

இளைஞர் மன்றத்துக்கு நேற்றுப் பதில் எழுதினேன். திருவிழாவுக்கு முந்திய சனிக்கிழமை, வற்று நேரத்திலே நானும் வருகிறேன். கன்றுகள் கொண்டுவர வேண்டாம். மண்வெட்டி இரண்டும் கடகம் நாலைந்தும் போதும். அந்தக் கரையிலே நாற்பது வருடமாய்த் தொழில் செய்யும் ஒருவரையும், மட்டி பொறுக்கப் போகும் அம்மாமார் இரண்டு பேரையும் முன்கூட்டியே கேட்டு அழைத்து வாருங்கள். முதல் அரை மணித்தியாலம் அவர்கள் பேசட்டும், நாங்கள் பேசவேண்டாம். கண்டல் முன்னர் எங்கே நின்றது, பறவை எங்கே மேய்கின்றது, றோட்டின் கீழுள்ள மதகு எப்போது தூர்ந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மதகிலே குப்பை அடைத்திருந்தால் அன்றைக்கே இழுத்தெடுப்போம். மதகே சிறிதாயிருந்தால் பிரதேச சபைக்கு எழுதவேண்டிய கடிதத்துக்கு நான் உதவுகிறேன். அடுத்த மாரி முடியும் வரைக்கும் மாதத்துக்கு ஒருவர் போய்ப் பார்த்துவர முறைபோட்டுப் பெயர்களைத் தாருங்கள். அந்தப் பட்டியலை முன்பக்கத்திலேயே போடுகிறேன்.